கரம் சிரம் புறம் நீட்டிய காலம்

என்னிடம் 1994-ஆம் வருஷத்து டைரி ஒன்று இருக்கிறது. உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. முன்பக்கத்தில் எந்தப் பயிருக்கு எத்தனை மூட்டை உரம் என்ற அட்டவணையும் பின்பக்கத்தில் ராகுகாலம், எமகண்டமும் அச்சிட்டிருக்கும். நடுவில், மார்ச் மாதப் பக்கங்களில், என் கையெழுத்தில் ஒரு கணக்கு. பெட்ரோல் லிட்டர் ஏறக்குறைய 17 ரூபாய். டீசல் 7. வண்டி பெட்ரோலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும், டீசலில் 9 கொடுக்கும். ஆக கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் மிச்சம். எஞ்சின் மாற்ற 52,000 ரூபாய். 15,000 கிலோமீட்டர் ஓடிவிட்டால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம். 'லாபம்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, அதன்மேல் காப்பிக் கோப்பையையும் வைத்திருக்கிறேன். வட்டம் இன்னும் அழியவில்லை. முப்பது வருஷம் கழிந்த நிலையில் வண்டி ஓடியிருப்பது 13,000-த்துச் சொச்சம். லாபம் தொடங்க இன்னும் கொஞ்சதூரம் பாக்கி.

வண்டி என்று நான் சொல்வது ஜோங்காவை. ராணுவக் கான்வாய் போகிறபோது லாரிகளுக்கு நடுவே ஒரு பெரிய ஜீப் போகுமே, பச்சைப் பெயின்டில், எருமைக் கிடா மாதிரி முன்நெற்றியோடு, அதுதான். பெயரைக் கேட்டு ஏதோ ஆப்பிரிக்க விலங்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் என்று பிற்பாடு தெரிந்தபோது சப்பென்று ஆகிவிட்டது. நிஸ்ஸான் பேட்ரோல் என்ற ஜப்பானிய வண்டியை, உரிமம் வாங்கி, ஜபல்பூரில் 1969-லிருந்து நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ராணுவத்தில் பெட்ரோலுக்கு யாரும் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பதில்லை என்பதை அந்த எஞ்சினைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வயதான வண்டிகளை ஏலத்தில் விடுவார்கள். அப்படி வருவதற்கு எங்கள் கோவைப் பக்கத்தில் 'டிஸ்போசல் வண்டி' என்று பெயர்.

ஆசைக்கு விதை அதற்கு இருபது வருஷம் முன்னால் விழுந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயிலைப் பற்றி வாத்தியார் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை நினைவில்லை. சவுக்குத் தோப்போரம் நின்ற ஃபோக்ஸ்வேகன் வேன் மட்டும் அப்படியே இருக்கிறது: பக்கவாட்டுக் கதவு திறந்து கிடக்க, உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் அடுப்பில் டீ போட, தாடிக்காரக் கணவர் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக அந்த வேனிலேயே ஓட்டி வருகிறவர்கள் அந்த நாளில் நிறைய உண்டு. வீட்டைக் கூடவே கொண்டுவந்தவர்களுக்கு ஊருக்குத் திரும்ப வேண்டிய அவசரம் கிடையாது என்பது பன்னிரண்டு வயதுக்கு எப்பேர்ப்பட்ட தத்துவம்! எங்களை அன்று மாலையே எண்ணிப் பார்த்துப் பஸ்ஸில் அடைத்துவிட்டார்கள்.

ஆக, 1994-ல், முப்பத்தொரு வயதில், வங்கிக் கடனில் பாதி கட்டிய வீடும் மூன்று வயதில் ஒரு பையனும் இருந்த நிலையில், நகரும் வீடு ஒன்றுக்காக ஒரு ஜோங்காவை வாங்கினேன். "நிக்கிற வீட்டுக்கே ஜன்னல் வைக்கலைங்க" என்று என் மனைவி சொன்னதை அப்போது நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

பழைய எஞ்சினை எடுப்பதற்கு முன்னால் பட்டறை மேஸ்திரி ஒரு வேலை செய்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, எஞ்சின் தலையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நெட்டுக்குத்தலாக நிறுத்தினார். நின்றது. ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டிருக்க, நாணயம் கோயில் கொடிமரம் போல அசையாமல் நின்றது. "பாத்துக்கோங்க தம்பி. நாளைக்கு இது நிக்காதுங்க" என்றார். எச்சரிக்கை என்பது இப்போது புரிகிறது. அப்போது, பழைய காலத்து ஆள், மாற்றத்தைக் கண்டால் பயப்படுகிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பழைய காலத்து ஆளுக்கு அன்றைக்கு என் இன்றைய வயதைவிடப் பத்து வயது குறைவு.

டீசல் எஞ்சினுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். ஜப்பானிய வண்டிக்கு ஜப்பானிய எஞ்சின்தான் பொருத்தம் என்று நான் ஜாதகம் பார்த்தேன். எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டுடன் வந்த சின்ன லாரிகள் சில அதற்குள் பழசாகி அங்கே வந்து படுத்திருந்தன. மேஸ்திரி கேட்கவில்லை. "அதுல ஒரு வாசர் போச்சுன்னா சப்பானுக்குத்தான் போகோணும். 407 வாங்குங்க. தாளவாடில நின்னாலும் சாமான் கெடைக்கும்." டாடா 407, நாலு சிலிண்டர், ஏறக்குறைய மூன்று லிட்டர். எங்கோ கவிழ்ந்த லாரியிலிருந்து எடுத்தது. லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார், நாங்கள் கேட்காமலே.

சம்பந்தம் பேசுவது சுலபம், கல்யாணம்தான் கஷ்டம். ஜோங்காவின் கியர் பாக்ஸும் 407-இன் எஞ்சினும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இரண்டுக்கும் நடுவில் லேத்தில் கடைந்த ஒரு இரும்புப் பலகை வைத்து, போல்ட் துளைகளை ஒரு பக்கம் அதற்கும் மறுபக்கம் இதற்குமாகப் போட்டு, கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் மயிரிழை விலகாமல் சேர வேண்டும். விலகினால் கிளட்ச் மாதம் ஒன்று தின்னும். பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் அந்தப் பலகையை மூன்று முறை செய்தார்கள். சேஸில் எஞ்சின் உட்காரும் மேடையை அறுத்து மாற்றினார்கள், ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். மூன்று மாதம். ஒரு வெள்ளிக்கிழமை, எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறின. வண்டி மொத்தமும் குளிர் ஜுரக்காரன் மாதிரி உதறியது. நான் வீறாப்பாக ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தப் பார்த்தேன். நாணயம் விழுந்தது. கூடவே வலதுபக்கக் கண்ணாடியும் விழுந்தது.

பழைய எஞ்சினை எடைக்குப் போட்டோம். 2,200 ரூபாய் வந்தது. அதில் வண்டிக்கு ஏர் ஹாரன் வாங்கினேன். இதைப் பிறகு ஒருதரம் சொல்ல வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீசலுக்கு மாறியதில் இரண்டு விஷயம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டீசல் எஞ்சின் அத்தனை வேகமாகச் சுற்றாது. பின் ஆக்சிலின் பற்சக்கரமோ வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சினுக்கென்று அமைத்தது. ஆகவே 60-க்கு மேல் வண்டி போகாது, போனால் உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியாது. இன்னொன்று, சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. அதற்குத் தீப்பொறியே தேவையில்லையே. டீசல் போகிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கருப்புக் குமிழை வெளியே இழுக்க வேண்டும், ஸ்டாப் கேபிள். என் மச்சான் ஒருமுறை வண்டியை இரவல் வாங்கிப்போய், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓடுகிற வண்டியைக் கல்யாண மண்டபத்து வாசலில் விட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான். பாயசம் வருகிறவரை அவனுக்கு அது நாதஸ்வரக் கோஷ்டியின் ஜெனரேட்டர் என்றே எண்ணம்.

வீட்டைக் கட்ட கரூருக்குப் போனேன். நாட்டுக்கே பஸ் பாடி கட்டுகிற ஊர். எனக்கொரு சின்ன வீடு கட்ட மாட்டார்களா? இரண்டு படுக்கை, மடக்குகிற மேசை, அடுப்புக்கு ஒரு திட்டு, தண்ணீருக்கு ஒரு டாங்கி என்று கோடு போட்ட நோட்டில் வரைந்து கொடுத்திருந்தேன். பாடி கட்டுகிற அண்ணன் மரியாதையாக அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைக் கட்டினார். அவருக்குத் தெரிந்தது பஸ். ஆறு வாரம் கழித்துப் போனபோது, ஜோங்காவின் முதுகில் ஒரு குட்டி பஸ் உட்கார்ந்திருந்தது: கீழே இறக்குகிற ஷட்டர் ஜன்னல், பச்சை ரெக்சின், பின்னால் ஏணி, மேலே கேரியர், சீரியல் பல்பு போட்ட முருகன் படம். உள்ளே சுவரில் சிவப்பு எழுத்தில் 'புகை பிடிக்காதீர்'. ஜன்னலுக்கு மேலே 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. எதற்கு அண்ணா இதெல்லாம் என்று கேட்டேன். "அது எழுதாம வண்டி எப்படிங்க முடிஞ்ச மாதிரி இருக்கும்?" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது, இன்றும் படுகிறது.

இந்த அமைப்பில் வண்டியைப் பார்த்த ஊர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அர்த்தம் கற்பித்துக்கொண்டன. தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சாப்பிட நிறுத்தியபோது வயதானவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கண் பரிசோதனை வேன் என்று நினைத்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்தில், முருங்கைக்காய்க் கட்டுகளோடு நான்கு பெண்கள் கையைக் காட்டி, "பழனி போகுமா?" என்று கேட்டார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி "ஏறுங்கம்மா" என்றுவிட்டாள். படுக்கைகளில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். வழியெல்லாம் மருமகள்களைப் பற்றிப் பேச்சு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்த என் பையனை அவர்களில் ஒரு பாட்டி வெடுக்கென்று உள்ளே இழுத்து, தலைக்கு மேலே இருந்த வாசகத்தைக் காட்டி, "எழுத்துப் படிக்கத் தெரியாதவ எனக்கே தெரியுது, இது கையை நீட்டாதேன்னு போட்டிருக்குதுன்னு" என்று அதட்டினாள். இறங்கும்போது டிக்கெட்டுக்குப் பதில் ஒரு கட்டு முருங்கைக்காய். இப்போது அவன் பெங்களூரில் வைத்திருக்கும் காரின் ஜன்னலை இறக்கி நான் பார்த்ததில்லை.

டீசலால் கிடைத்த பெரிய லாபம் டைரியில் எழுதப்படாதது. பெட்ரோல் வண்டியாக இருந்தவரை ஜோங்காவைத் தூர நின்று வேடிக்கை பார்த்தார்கள். 407 எஞ்சின் வைத்தபிறகோ அதற்கு ஊரெல்லாம் சொந்தபந்தம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவில், பத்தொன்பதோ இருபதோ, அங்கே டீசல் தீர்ந்து நின்றோம். கேனில் இருந்ததை ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. குழாயில் காற்று புகுந்துவிட்டது. இருட்டு, பனி, பையன் அழுகை. மேலிருந்து வந்த ஒரு காய்கறி வண்டிக்காரர் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் பானட்டைத் திறந்து, ஸ்பேனர் ஒன்றால் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். நுரைநுரையாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வந்ததும் நட்டை முறுக்கினார். ஐந்து நிமிஷம். "நம்ம எஞ்சின்தானுங்களே" என்றார், ஏதோ எங்கள் பெரியப்பா மகன் மாதிரி. பணம் வாங்கவில்லை, ஒரு டம்ளர் டீ வாங்கிக்கொண்டார். பம்ப் அடுப்பில், ரேஷன் மண்ணெண்ணெயில் போட்ட டீ. அந்த மண்ணெண்ணெய்க்காக என் மனைவி எத்தனை மாதம் அளவாகச் சமைத்துச் சேமித்தாள் என்பது தனிக் கதை. சென்ற வருஷம் என் பையனின் கார் நெடுஞ்சாலையில் நின்றபோது, திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. நாங்கள் யாரும் பானட்டைத் திறக்கவில்லை, போகிறவர் யாரும் நிற்கவும் இல்லை. ஒரு எண்ணுக்குப் போன் செய்துவிட்டு, ஏசி இல்லாமல் இரண்டு மணி நேரம் மூன்று பேரும் மூன்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. வீடு கட்டியதே தூங்கத்தானே? உள்ளே படுக்கவே முடியாது. பகலெல்லாம் தகரம் வாங்கிய வெயிலும் எஞ்சினின் சூடும் சேர்ந்து, ராத்திரி இரண்டு மணிவரை இட்லிக் குண்டான். முதல் பயணத்திலேயே ஏணியில் ஏறி, கேரியரின் மேல் பவானி ஜமக்காளத்தை விரித்துப் படுத்தோம். அதன்பிறகு எங்கே போனாலும் அப்படித்தான்: லேத்தில் மூன்று மாதமும் கரூரில் ஆறு வாரமும் தவமிருந்து ஒரு வீட்டைக் கட்டி, அதன் மொட்டை மாடியில் தூங்கினோம். முன் பம்பரில் தொங்கிய கான்வாஸ் தண்ணீர்ப் பை காற்றில் கசிந்து கசிந்து பானைத் தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கும். டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி அலை அலையாக வந்து போகும். இப்போது இளைஞர்கள் காரின் கூரையில் கட்டுகிற கூடாரத்தை லட்ச ரூபாய் கொடுத்து வாங்குகிறார்களாம். எங்களுடையது 180 ரூபாய் ஜமக்காளம். கொசுவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வண்டியின் வாழ்நாள் லட்சியம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் தின்றுவிட்ட ஊர். முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கப்பால் மணல். இடதுபக்கம் அலையில்லாத பெண் கடல், வலதுபக்கம் சீறுகிற ஆண் கடல், நடுவில் ஃபோர் வீல் டிரைவ் உள்ளவனுக்கு மட்டும் வழி. 1996-ல் போனோம். சத்திரத்தில் இறங்கி, முன்சக்கரங்களின் ஹப்பைப் பூட்டி, குட்டி லீவரைத் தள்ளி, சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். அரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை, ஆக்சில்வரை புதைந்துவிட்டது. கரூர் அண்ணன் பஸ்ஸுக்குப் போடுகிற இரும்பையெல்லாம் போட்டிருந்தார் அல்லவா, அந்த எடை. நான் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கையில், பன்னிரண்டு பேரை ஏற்றிய ஒரு பழைய வேன், வழுக்கை டயரோடு, மிதப்பது மாதிரி எங்களைக் கடந்து போனது. திரும்பி வரும்போது அந்த டிரைவர் இறங்கி, எல்லா டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, நான்கு மீனவர்களைத் தள்ளச் சொல்லி, என்னை இறக்கிவிட்டு அவரே ஓட்டி வெளியே எடுத்தார். "பஸ்ஸ ஏன் சார் மணல்ல விட்டீங்க?" என்பது மட்டுமே அவர் கேட்ட கேள்வி. இருட்டிய பிறகு அங்கே யாரும் தங்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜ் முற்றத்தில், வண்டி நிறுத்த அறை வாடகை கொடுத்து, அறையைப் பூட்டி வைத்துவிட்டு, கேரியரின் மேல் தூங்கினோம்.

2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். மறுவருஷம் நானும் மனைவியும் ராமேசுவரத்திலிருந்து அரசு பஸ்ஸில் போனோம். நாங்கள் புதைந்த இடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள், வெளியே பார்த்துக்கொண்டே, "பஸ் மணல்ல போகுதுங்க, பாத்தீங்களா?" என்றாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து சொன்ன வாக்கியம்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நீங்களும் பார்த்தவைதான். டீசலுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை 2014-ல் எடுத்தார்கள். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலைத் தாண்டிய செய்தியைப் படித்த அன்று, நான் அந்த 1994 டைரியை எடுத்து மார்ச் மாதத்தை ஒருதரம் படித்தேன். அதே டெல்லியில் பத்து வயதுக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் உத்தரவு போட்டார்கள். என் வண்டிக்குப் பேரன் வயதுள்ள வண்டிக்குக்கூட அங்கே இடமில்லை என்றார்கள். இங்கே பசுமை வரி கட்டுகிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது 2022-ல் 5,000 ஆயிற்று. வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நானோ எஞ்சின் மாற்றிய நாளில் ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோலை அடித்து டீசல் என்று எழுத ஒரு அலுவலகத்துக்கு ஏழு நடை நடந்ததே பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றிருந்தது போய், கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்து, வாடகைக்கு விடுகிறார்கள். ஏசி, கழிப்பறை, நிறுத்துவதற்கென்று பூங்கா. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. இன்னும் கொஞ்சம் தேடினால் சொல்லலாம்.

போன மாதம் ஒரு இளைஞர் வண்டியைப் பார்க்க வந்தார். தோனி 2019-ல் ஒரு ஜோங்கா வாங்கினாலும் வாங்கினார், வாசலில் நிற்கிற என் வண்டிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர் பணிவான பையன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், படம் எடுத்தார், 'கரம் சிரம்' வாசகத்தைத் தனியாக ஒரு படம் எடுத்தார். பிறகு பானட்டைத் திறந்து, முகம் வாடி, "ஒரிஜினல் எஞ்சின் எங்க இருக்கு அங்கிள்?" என்றார். அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தால் அவர் சொல்கிற விலையே வேறாம்; எங்காவது கிடைத்தால் எஞ்சினுக்கு மட்டும் லட்சக்கணக்கில் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். நான் ஏர் ஹாரனைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. சமையலறை ஜன்னலில் நின்ற என் மனைவிக்குப் புரிந்தது.

"பரவாயில்லை, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்றார். ஏறி உட்கார்ந்து, முருகனைப் பார்த்து, சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல் இருமி, பிடித்துக்கொண்டது. கண்ணாடி ஜன்னல்கள் தாளம் போட்டன, எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, சாவியைத் திருப்பினார். ஓடியது. மறுபடி திருப்பினார். ஓடியது. சாவியை வெளியே உருவி, உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்தார், டேஷ்போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடியில் இருக்கும் கருப்புக் குமிழை நான் உடனே சொல்லியிருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த காப்பியை ஆற்றத் தொடங்கினேன்.